திறந்த கூடத்துக்கு விளக்குகள்: நெல்லைப் பகுதி வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலிப் பகுதியின் பழைய வீடுகளில் திண்ணை, தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை என்று அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு செல்லும். அறைக்கு ஒரு குண்டு பல்போ ஒரு டியூப் லைட்டோ இருந்தால் போதும்; சுவர்களே வெளிச்சத்தைப் பிரித்துக் கொடுத்துவிடும். இப்போது பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும், ஏன், வயலோரக் கிராமங்களிலும்கூட, உட்காரும் இடம், சாப்பாட்டு மேசை, அடுக்களை ஆகிய மூன்றையும் இடைச்சுவர் இல்லாத ஒரே கூடமாகக் கட்டுகிறார்கள். சுவர் போன இடத்தில் சுவரின் வேலையை வெளிச்சம்தான் செய்தாக வேண்டும் என்பதே கீழே உள்ள பதில்களுக்கெல்லாம் அடிப்படை.

விளக்குகளைக் கடையில் பார்த்துவிட்டு எத்தனை பாயின்ட் வேண்டும் என்று முடிவு செய்யலாமா?

அப்படிச் செய்யாமல் இருப்பதே நல்லது. கடையில் நூறு விளக்குகள் ஒன்றாக எரியும்போது எது எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பது யாருக்கும் தெரியாது. கண்ணுக்கு அழகாகப்பட்டதை வாங்கிவந்து, பிறகு அதற்கு இடம் தேடுவதில்தான் பெரும்பாலான கூடங்கள் கெட்டுப்போகின்றன. முதலில் கூடத்தின் வரைபடத்தில் சோபா, தொலைக்காட்சி, சாப்பாட்டு மேசை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பிள்ளைகள் எழுதப் படிக்க உட்காரும் இடம், ஆச்சி காலையில் நாளிதழ் வாசிக்கும் நாற்காலி என ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் எங்கெங்கே விழ வேண்டும் என்பது அந்தக் குறிப்புகளிலிருந்தே தெரிந்துவிடும்.

இதைச் செய்வதற்குக் காலக்கெடுவும் உண்டு. கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் எலக்ட்ரீசியன், கான்கிரீட்டைத் தாங்குவதற்காக அடிக்கும் சென்ட்ரிங் தகட்டின் மேல் பைப்பும் பெட்டியும் பதிக்க வருவார். அன்றைக்கு வீட்டுக்காரர் "ஹாலுக்கு ரெண்டு ஃபேன், நாலஞ்சு லைட் போட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனால், மேசை ஓரிடத்திலும் அதற்கான தொங்கு விளக்கு ஒன்றரை அடி தள்ளி வேறோர் இடத்திலும் அமைவதைப் பிறகு யாராலும் தடுக்க முடியாது. சென்ட்ரிங் தகட்டின் மேலேயே சுண்ணாம்புக் கட்டியால் மேசையையும் சோபாவையும் அடுக்களை மேடையையும் உண்மையான அளவில் வரைந்து காட்டுங்கள். வரைந்த மேசையின் நடுவில் வைத்த பெட்டி, தகட்டைப் பிரித்த பிறகு மேசையின் நடுவுக்கு நேர் மேலேயே இருக்கும். அரைமணி நேர வேலைதான். ஆனால் பிற்பாடு தளத்தைக் கொத்திப் பைப்பை இழுக்கும் செலவையும் மனவருத்தத்தையும் அது மிச்சப்படுத்துகிறது.

எங்கள் கூடம் 24 அடிக்கு 14 அடி. எத்தனை விளக்குகள் தேவைப்படும்?

வாட்டை வைத்துக் கணக்கிடும் பழக்கம் குண்டு பல்பு காலத்தோடு முடிந்துவிட்டது. இப்போது பார்க்க வேண்டியது பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமன் அளவு. பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 700 லூமன் தந்தது. இன்றைய 9 வாட் எல்.இ.டி. அதைவிடச் சற்று அதிகமாகவே, 800 முதல் 900 லூமன் வரை தருகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். உட்கார்ந்து பேசும் இடத்துக்கு 100 முதல் 150 லக்ஸ் வரை போதுமானது. காய் நறுக்கும் மேடைக்கும் புத்தகம் வாசிக்கும் இடத்துக்கும் 300 லக்ஸ் வேண்டும்.

உங்கள் கூடம் 336 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 31 சதுர மீட்டர். 150 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால் சுமார் 4,700 லூமன் வேண்டும். ஆனால் விளக்கிலிருந்து புறப்படும் வெளிச்சம் முழுவதும் நமக்கு வந்து சேருவதில்லை. மூடியிலும் சுவரிலும் கூரையிலும் நாளடைவில் படியும் தூசியிலும் பாதியளவு போய்விடும் என்று கொள்வது நடைமுறைக்குப் பொருந்தும். ஆகவே மொத்தம் 9,000 முதல் 9,500 லூமன் வரை திட்டமிடுங்கள். வெள்ளைச் சுவரும் வெளிர்நிற டைல்ஸும் உள்ள கூடத்துக்கு இந்தக் கணக்கு. சிவப்பு ஆக்சைடு தரையோ கறுப்பு கிரானைட்டோ தேக்கு மரப் பலகை ஒட்டிய சுவரோ இருந்தால், அவை வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால், இன்னும் கால்பங்கு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த 9,500 லூமனைப் பதினொரு டவுன்லைட்டாக, அதாவது கூரையிலிருந்து கீழ்நோக்கி வெளிச்சம் வீசும் சிறு விளக்குகளாக, வரிசையில் பதித்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும், கூடம் சரியாகாது. எங்கும் ஒரே அளவு வெளிச்சம் பரவிய கூடம் துணிக்கடையைப் போல இருக்கும்; எங்கே உட்கார வேண்டும், எங்கே சாப்பிட வேண்டும் என்பதைக் கண்ணுக்கு அது சொல்லாது. பாதியை டவுன்லைட்டுக்குக் கொடுங்கள். மீதியைச் சுவர் விளக்கு, மேசையின் மேல் தொங்கும் விளக்கு, அலமாரிக்கு அடியில் ஒட்டும் ஸ்ட்ரிப் (நாடா விளக்கு) என்று வேலை நடக்கும் இடங்களுக்குப் பகிர்ந்தளியுங்கள்.

டவுன்லைட்டுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

பத்தடி உயரக் கூரைக்கு ஐந்து முதல் ஆறடி இடைவெளியும், சுவரிலிருந்து அதில் பாதியும் விடுவது பொதுவான வழக்கம். ஒரு சுவரை மட்டும் எடுப்பாகக் காட்ட விரும்பினால் அந்தப் பக்கம் ஒன்றரை அடிக்குக் கொண்டுவரலாம். பெட்டியில் குறிக்கப்பட்டிருக்கும் ஒளிக்கற்றையின் கோணத்தையும் பாருங்கள். பத்தடிக் கூரையிலிருந்து இரண்டரை அடி உயர மேசையில் விழும்போது 24 பாகை விளக்கு மூன்றடி வட்டத்தையும், 36 பாகை விளக்கு ஏறத்தாழ ஐந்தடி வட்டத்தையும், 60 பாகை விளக்கு எட்டரை அடி வட்டத்தையும் நிரப்பும். பொதுவான வெளிச்சத்துக்கு 60 பாகைக்குக் குறையாமலும், சுவரில் மாட்டிய தஞ்சாவூர் ஓவியத்துக்கோ குடும்பப் படத்துக்கோ 24 பாகையும் வாங்கினால் போதும்.

மின்விசிறி ஓடும்போது கூடமே துடிப்பது போலத் தெரிகிறது. விளக்கில் குறையா?

விளக்கில் குறையில்லை, விளக்கு இருக்கும் இடத்தில்தான் குறை. நம் பக்கத்தில் ஆண்டில் பத்து மாதமாவது விசிறி இல்லாமல் உட்கார முடியாது. வெளிநாட்டு வீடுகளின் படங்களைப் பார்த்து விளக்கு அமைக்கும்போது இதையே பலரும் மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அந்தப் படங்களில் விசிறியே இருப்பதில்லை. ஓர் இறக்கையின் மேலிருந்து வெளிச்சம் விழுந்தால், இறக்கை சுற்றும்போதெல்லாம் நிழல் வெட்டி வெட்டித் தரையிலும் சுவரிலும் ஓடும். அரைமணி நேரம் அதன் கீழே உட்கார்ந்து படித்தால் தலைவலி வந்துவிடும்.

வழக்கமான கூரை விசிறியின் இறக்கைகள் சுற்றும் வட்டம் 1200 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது, அதாவது நான்கடி. எனவே விசிறியின் மையத்திலிருந்து மூன்றடிக்குள் டவுன்லைட் எதுவும் வரக்கூடாது. இறக்கை கூரையிலிருந்து ஓரடி கீழே சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்றடி தள்ளி வைத்த 60 பாகை விளக்கின் வெளிச்சம் இறக்கையைத் தொடாமல் கீழே இறங்கிவிடும். கற்றை அகலமான, பால்நிற மூடி போட்ட தட்டை விளக்காக இருந்தால் இன்னும் ஓரடி தள்ள வேண்டும். விசிறியின் தண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு வெளிச்சம் பரந்துவந்து இறக்கையில் படும் என்பதால், உயரமான கூரையிலிருந்து நீளத் தண்டில் விசிறி மாட்டுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இதே காரணத்தால், விசிறிக்குப் பக்கத்தில் சரவிளக்கு தொங்கவிடுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. இறக்கைகளுக்குக் கீழே தொங்கி, மேல்நோக்கியும் வெளிச்சம் வீசும் விளக்கு, கூரை முழுவதும் இறக்கை நிழலை ஓடவிடும். இரண்டு விசிறிகள் உள்ள நீளக் கூடத்தில், சுவரோரம் விளிம்புக்குள் மறைந்து ஓடும் கோவ் லைட்டும் சுவர் விளக்குகளும்தான் மிகவும் தொந்தரவில்லாதவை. சரவிளக்கு வேண்டும் என்பது வீட்டாரின் ஆசையாக இருந்தால், மாடிப்படி ஏறும் இடத்தில், விசிறி எட்டாத உயரத்தில் அதற்கு இடம் கொடுங்கள். அங்கே அது உண்மையிலேயே அழகாக இருக்கும்.

வெள்ளை வெளிச்சமா, மஞ்சள் வெளிச்சமா?

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; எண் கூடினால் வெண்மையும் நீலமும், குறைந்தால் மஞ்சளும் கூடும். நம் ஊர்களில் பெரியவர்களுக்கு 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் பிடிக்கும். டியூப் லைட்டோடு வளர்ந்தவர்களுக்கு மஞ்சள் என்றால் கரண்டு குறைந்துவிட்டது என்ற எண்ணம் வரும். பிள்ளைகள் 3000 கெல்வின் கேட்பார்கள். வீட்டுக்குள் இதற்காக நடக்கும் வாக்குவாதத்துக்குப் பெரும்பாலும் 4000 கெல்வின் நல்ல முடிவாக அமைகிறது. அது நீலம் பாயாத வெண்மை. கண்ணை உறுத்தாது, இருண்டும் தெரியாது.

திறந்த கூடத்துக்கு என்று தனியாக ஒரு விதியுண்டு. பார்வை ஒரே வீச்சில் மூன்று பகுதிகளையும் காண்பதால், பக்கத்துப் பக்கத்தில் நிறம் அதிகம் மாறக்கூடாது. அடுக்களையில் 6500-ம் சோபாவுக்கு மேலே 3000-மாக வைத்தால், ஒன்று நீலமாகவும் மற்றது பழுப்பாகவும் தெரிந்து இரண்டுமே கெட்டுவிடும். அடுக்களைக்கு 4000, உட்காரும் இடத்துக்கும் மேசைக்கும் 3000 என்ற அளவு வேறுபாடு போதும். ஒரே நிறம் என்று அச்சிட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி சாயல் மாறும் என்பதால், கூடத்துக்கான டவுன்லைட் அனைத்தையும் ஒரே கம்பெனியில் ஒரே முறையில் வாங்கிவிடுங்கள்.

சுவிட்சை அணைத்துப் போட்டால் நிறம் மாறும் மூன்று நிற விளக்குகள் இப்போது நிறைய விற்கின்றன. கிராமங்களில் மாலை வேளையில் மின்சாரம் கணநேரம் வெட்டி வருவது சாதாரணமாகையால், ஒரு வரிசையில் நான்கு விளக்குகள் ஒரு நிறத்திலும் இரண்டு வேறு நிறத்திலும் வந்து நிற்கும். அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் போட்டிருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். பொருள்களின் இயல்பான நிறத்தை ஒரு விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது. நூறு என்பது முழு மதிப்பு. 80-க்குக் குறைந்ததை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். மேசைக்கும் அடுக்களைக்கும் 90 கிடைத்தால் சற்று விலை கூடினாலும் வாங்குங்கள். பொதுவான அந்த மதிப்பெண்ணில் அடர்சிவப்பு சேராது. அதற்கு ஆர் 9 என்ற தனிக் கணக்கு இருக்கிறது. மலிவான விளக்குகள் தோற்பது அங்கேதான். பத்தமடைப் பாயின் சிவப்புக் கரையை இரவில் மலிவான விளக்கின் கீழே விரித்துப் பாருங்கள்: பகலில் செக்கச்செவேலென்று இருந்த கரை செங்கல் தூளைப் போல வெளிறிக் கிடக்கும். மீனின் செவுளையும் தக்காளி பழுத்த நிறத்தையும் பட்டுச்சேலையின் அரக்கு நிறத்தையும் பார்த்து முடிவெடுக்கும் வீட்டில் இது சிறிய விஷயமன்று.

ஃபால்ஸ் சீலிங் இல்லாமல் நல்ல வெளிச்சம் அமைக்க முடியாதா?

தாராளமாக முடியும். தளத்தில் நேரடியாகத் திருகும் சர்ஃபேஸ் டவுன்லைட், சுவர் விளக்கு, சுவரின் மேல்விளிம்பில் ஓடும் அலுமினிய ப்ரொஃபைல் லைட் ஆகியவற்றைக் கொண்டே முழுக் கூடத்தையும் அமைத்துவிடலாம். ஒன்பதரை அடிக்குக் குறைந்த கூரையில் ஜிப்சம் பலகையால் ஃபால்ஸ் சீலிங், அதாவது தளத்துக்குக் கீழே இன்னொரு பொய்க்கூரை, போட்டு அரையடி இறக்குவது காற்றோட்டத்துக்கும் நல்லதில்லை, பார்வைக்கும் நல்லதில்லை. மேலே மொட்டைமாடி மட்டுமே உள்ள வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு: சித்திரை, வைகாசி வெயிலில் தளம் காய்ந்து, அந்தச் சூடு ஜிப்சத்துக்கும் தளத்துக்கும் இடையே அடைபட்டு நிற்கும். எல்.இ.டி.யின் சில்லு சீக்கிரம் பழுதாகாது. அதற்கு மின்சாரத்தை மாற்றித்தரும் டிரைவர்தான் சூட்டில் முதலில் போகும். ஃபால்ஸ் சீலிங் போட்டே ஆக வேண்டுமென்றால் சுவரோரம் இரண்டடி அகலத்துக்கு மட்டும் போட்டு, நடுப்பகுதியை உயரமாகவே விட்டுவிடுங்கள்.

தேக்கு உத்தரமும் செங்கல்லும் கொண்ட பழைய மட்டப்பா (தட்டைக் கூரை) வீட்டில் இடைச்சுவரை எடுத்துக் கூடமாக்குகிறவர்கள், அந்தச் சுவர் உத்தரத்தைத் தாங்குகிறதா என்பதை ஒரு பொறியாளரிடம் காட்டிய பிறகே விளக்கைப் பற்றி யோசிக்க வேண்டும். உத்தரங்களுக்கு இடையில் துளை போடாமல், உத்தரத்தின் பக்கவாட்டில் சிறிய விளக்குகளைப் பொருத்திக் கூரையை நோக்கித் திருப்பினால், அந்த மரத்தின் நிறம் முழுவதும் வெளியே வரும்.

சாப்பாட்டு மேசையின் மேல் தொங்கும் விளக்கை எவ்வளவு உயரத்தில் வைப்பது?

மேசைப் பரப்பிலிருந்து 30 முதல் 36 அங்குலம் வரை. அதற்கு மேலே போனால் விளக்கின் முனை கண்ணில் குத்தும். கீழே வந்தால் எதிரில் இருப்பவர் முகம் மறையும். ஆறு பேர் அமரும் நீள மேசைக்குப் பெரியது ஒன்றைவிடச் சிறியவை இரண்டு அல்லது மூன்று நன்றாயிருக்கும். மேசையை இடம் மாற்றும் பழக்கமுள்ள வீட்டில் தொங்கு விளக்கு வேண்டாம். திருப்பக்கூடிய டிராக் லைட் வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கோட்டை, பண்பொழி, குற்றாலம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆனி, ஆடி மாதங்களில் வீட்டுக்குள் புகுந்து வெளியேறும். வயரில் மட்டும் தொங்கும் இலேசான விளக்குகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். உறுதியான குழாயில் இறங்கும் வகையையோ, கனமான பித்தளை விளக்கையோ தேர்ந்தெடுங்கள்.

திறந்த அடுக்களைக்குத் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

கூரையின் நடுவில் உள்ள விளக்கு அடுக்களைக்குப் பயன்படாது, ஏனென்றால் மேடையை நோக்கி நிற்பவரின் நிழலே அரிவாள்மணையின் மேலும் பலகையின் மேலும் விழும். மேல் அலமாரியின் அடியில், சுவரோரமாக இல்லாமல் முன்விளிம்பை ஒட்டி, பால்நிற மூடியுள்ள அலுமினிய ப்ரொஃபைலில் ஸ்ட்ரிப் பதியுங்கள். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை ஐந்து மீட்டருக்கு மேல் ஒரே முனையிலிருந்து இழுத்தால் மறுமுனை மங்கும். நீளம் அதிகமானால் 24 வோல்ட் வாங்குவது நல்லது. மீன் பொரிக்கும், வடை சுடும் அடுக்களையில் எண்ணெய்ப் புகை எல்லாவற்றின் மேலும் படியும். துணி மூடி, பிரம்புக் கூடை, வெட்டுவேலைப்பாடு உள்ள உலோகம் ஆகியவற்றை அடுப்பிலிருந்து ஆறடிக்குள் தொங்கவிட வேண்டாம். ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைக்கக்கூடிய கண்ணாடியும் வழவழப்பான உலோகமும் மட்டுமே அங்கே தாக்குப்பிடிக்கும்.

மழைக்காலத்தில் ஈசலும் பூச்சியும் விளக்கை மொய்க்கின்றன. என்ன செய்யலாம்?

தாமிரபரணிப் பாசனத்தில் வாழ்கிறவர்கள் விளக்கு வாங்கும்போது இதை முதலில் யோசிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பும். காரும் பிசானமும் பயிராகும் மாதங்களில் வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சி வரும். மேல்பக்கம் திறந்த கிண்ண வடிவக் கண்ணாடி விளக்கு ஒன்றை மழைக்காலம் முடிந்து கழற்றிப் பார்த்தால், அடியில் இரண்டு விரற்கடை அளவுக்கு ஈசல் இறகு மக்கிக் கிடக்கும்; வெளியிலிருந்து பார்க்கும்போது அது கறுப்பு வளையமாகத் தெரியும். ஆகவே மேல்நோக்கித் திறந்த எந்த விளக்கும் இந்தப் பகுதிக்கு ஏற்றதில்லை. டவுன்லைட்டிலும் முன்மூடி இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள்.

எல்.இ.டி.யில் புற ஊதாக் கதிர் அநேகமாக இல்லாததால் பழைய டியூப் லைட்டைவிடப் பூச்சி குறைவாகவே வரும். நீலம் குறைந்த 3000 கெல்வினுக்கு இன்னும் குறையும். ஈசல் கிளம்பும் அந்த அரைமணி நேரத்துக்கு கூடத்து விளக்குகளை அணைத்துவிட்டு, வாசலைவிட்டுத் தள்ளி, காம்பவுண்டு ஓரத்தில் ஒரு வெள்ளை விளக்கை மட்டும் எரியவிடுங்கள். பெரும்பகுதி அங்கே போய்விடும். அதற்கான சுவிட்சு கூடத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

கடற்கரையோர வீட்டுக்கு எந்த வகை தாங்கும்?

உவரி, கூடங்குளம், திருச்செந்தூர் பக்கம் உப்புக்காற்று இரும்பை ஓரிரு ஆண்டுகளில் தின்றுவிடும். மினுக்கப்பட்ட குரோமிய முலாமின் அடியிலும் துரு பிடித்துக் கொப்புளமாக எழும்பும். பவுடர் பூச்சுள்ள அலுமினியம், பித்தளை, பீங்கான், நல்ல பிளாஸ்டிக் ஆகியவை நீடிக்கும். திருகுகள் மட்டும் இரும்பாக இருந்துவிடாமல் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளாகக் கேட்டு வாங்குங்கள். வெளித்திண்ணையிலும் போர்டிகோவிலும் தூசியும் மழைநீரும் உள்ளே புகாத ஐ.பி. 65 தரமுள்ள விளக்கு வேண்டும்.

சுவிட்சுகளை எப்படிப் பிரிப்பது?

விளக்கைத் தேர்ந்தெடுப்பதைவிட இதற்கு அதிக நேரம் செலவிடுங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். ஒரே சுவிட்சில் கூடத்தின் எல்லா டவுன்லைட்டும் எரியும்படி அமைத்துவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது ஒரே ஒரு விளக்குதான். உட்காரும் இடத்து டவுன்லைட், சுவரோர வெளிச்சம், மேசை விளக்கு, அடுக்களைக் கூரை, அடுக்களை மேடை ஆகிய ஐந்தும் தனித்தனிச் சுவிட்சில் இருக்க வேண்டும். தொலைக்காட்சி பார்க்கும்போது சுவரோர வெளிச்சம் மட்டும். சாப்பிடும்போது மேசை விளக்கு மட்டும் எரிய, அடுக்களையில் கிடக்கும் பாத்திரங்கள் இருட்டில் பின்வாங்கிவிடும். பூப்புனித நீராட்டு, நிச்சயதார்த்தம் என்று கூடத்தில் பாய் விரித்துப் பந்தி போடும் நாளில் அனைத்தும். மேலப்பாளையத்தில் நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன் சஹருக்கு எழும் வீட்டில், உறங்கும் பிள்ளைகளை எழுப்பாமல் மேசைக்கும் மேடைக்கும் மட்டும் வெளிச்சம் கிடைப்பது எவ்வளவு உதவி என்பதை அந்த வீட்டாரே அறிவார்கள்.

வாசலில் ஒன்றும் படுக்கையறைப் பக்கம் ஒன்றுமாக, ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்தும் இயக்கும் டூ-வே சுவிட்சு வையுங்கள். திறந்த கூடம் நீளமானது. கடைசி விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் இருபது அடி நடக்கும் நிலை முதியவர்களுக்கு வரக்கூடாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பொருத்த விரும்பினால் விளக்கின் பெட்டியிலும் அதற்கேற்றது என்று குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விளக்கு இரையும், துடிக்கும், சீக்கிரம் பழுதாகும்.

வீட்டில் எழுபது வயதைக் கடந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக மாற்றம் தேவையா?

தேவை. அறுபது வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம், இருபது வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இதற்காகக் கூடம் முழுவதையும் பிரகாசமாக்கினால் கண்கூச்சம்தான் மிஞ்சும், அதுவும் பளபளக்கும் டைல்ஸ் தரையில் ஒவ்வொரு டவுன்லைட்டும் இன்னொரு முறை தெரியும்போது. அவர்கள் உட்காரும் நாற்காலிக்குப் பின்புறம், தோளுக்கு மேலே, மூடியுள்ள ஒரு வாசிப்பு விளக்கு வையுங்கள். கூரைக்குள் சற்று உள்வாங்கிய, முனை கண்ணுக்குத் தெரியாத டவுன்லைட் வாங்குங்கள். கழிவறைக்குச் செல்லும் வழியில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு வாட் அளவில் ஓர் இரவு விளக்கு போதும்.

பூசை மாடத்துக்கும் பண்டிகைக்கும்?

குத்துவிளக்கு எரியும் மாடத்தில் அதன் நேர்மேலே விளக்கு பதிக்காதீர்கள். எண்ணெய்ப்புகையும் சூடும் மூடியைக் கறுப்பாக்கிவிடும். முன்புறம் சற்றுத் தள்ளி 3000 கெல்வினில் சிறிய ஸ்பாட் லைட் ஒன்று போதும், அதுவும் தனிச் சுவிட்சில், சுடரை மட்டும் வைத்துக் கும்பிட விரும்பும் நேரத்தில் அணைத்துவைக்கும்படியாக. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவிடும் வீட்டில் போர்டிகோ கூரையில் ஒரு கொக்கியும் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட்டும் இப்போதே வைத்துவிட்டால், டிசம்பரில் ஜன்னல் வழியாக வயர் இழுக்க வேண்டியிருக்காது.

மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் எதைப் பார்த்து வாங்குவது?

டிரைவரில் அச்சிட்டிருக்கும் உள்ளீட்டு அளவைப் பாருங்கள். 100 முதல் 300 வோல்ட் வரை தாங்கும் என்று இருந்தால் நல்லது. இடி மின்னல் காலத்துக்காக 2.5 கிலோவோல்ட், முடிந்தால் 4 கிலோவோல்ட் அளவு திடீர் மின்னழுத்தத்தைத் தாங்கும் வகையைக் கேளுங்கள். வீட்டின் எர்த் சரியாக இருக்க வேண்டியதும் அதே அளவு முக்கியம். இந்தியத் தரக் குறியும் 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் பதிவெண்ணும் பெட்டியில் இருக்க வேண்டும்: பல்புக்கு ஐ.எஸ். 16102, பதிக்கும் விளக்குகளுக்கு ஐ.எஸ். 10322. கடையில் விளக்கை எரியவிட்டு, கைப்பேசியின் மெதுவோட்ட வீடியோவில் படம்பிடித்துப் பாருங்கள். திரையில் பட்டைபட்டையாக வெளிச்சம் வலுவாகத் துடித்தால் அந்த டிரைவர் தரமற்றது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தலைக்குத் தெரியும்.

இன்வெர்ட்டர் இணைப்பில் எல்லா விளக்குகளையும் சேர்க்க வேண்டியதில்லை. சுவரோர வெளிச்சம், அடுக்களை மேடை, இரவு விளக்கு ஆகிய மூன்றையும் மட்டும் சேர்த்தால், மிச்சமாகும் மின்சாரத்தில் விசிறி கூடுதல் நேரம் ஓடும்.

இத்தனை விளக்கு போட்டால் மின்கட்டணம் ஏறாதா?

9 வாட் விளக்கு பத்து, நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் 0.45 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 27 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. கட்டணத்தை ஏற்றுவது ஏசியும் வாட்டர் ஹீட்டரும்தான். விளக்கில் சிக்கனம் பார்த்து ஆச்சியை இருட்டில் உட்காரவைக்க வேண்டாம்.

வேலை முடிந்த பிறகு எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்?

ஒவ்வொரு வகை டவுன்லைட்டிலும் இரண்டை அதே பெட்டியிலிருந்து உபரியாக வாங்கிப் பரணில் வையுங்கள்; இரண்டு ஆண்டு கழித்து அதே வடிவமும் அதே சாயலும் கடையில் கிடைக்காமல் போவது வழக்கம். கூரையில் வெட்டிய துளையின் விட்டம், டிரைவரின் மில்லிஆம்பியர் அளவு, வாங்கிய தேதி ஆகியவற்றை அந்தப் பெட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள். பைப் ஓடும் பாதையைக் கான்கிரீட் போடுவதற்கு முன் நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்துவைத்தால், நாளைக்குக் கூரையில் துளைபோட வரும் எவரும் வயரை அறுக்காமல் வேலை செய்வார்கள்.